விற்பதா, விதைக்கு வைப்பதா? ஐப்பசியில் கொடைக்கானல் மலை வீடுகள் போடும் பூண்டுக் கணக்கு

மே மாதக் கொடைக்கானலை எல்லோருக்கும் தெரியும். இ-பாஸ், மலைப்பாதையில் நகராத வண்டிகள், ஏரியைச் சுற்றி சைக்கிள், சூடான சோளம். 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகளுக்கு மேல் அனுமதிக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றமே உச்சவரம்பு போட்ட ஊர் அது.

ஐப்பசிக் கொடைக்கானல் வேறு ஊர். தீபாவளி லீவுக் கூட்டம் இறங்கிப் போனதும் மேகம் தரையில் வந்து உட்கார்ந்துகொள்ளும். துவைத்த துணி மூன்று நாளானாலும் காயாது. டூரிஸ்ட் கண்ணில் அது 'ஆஃப் சீசன்'. பூம்பாறை, மன்னவனூர், பூண்டி, கவுஞ்சி, கூக்கால் என்று மேல்மலையில் இருக்கும் கிராமங்களுக்கு அதுதான் வருஷத்தின் மிக பிஸியான நேரங்களில் ஒன்று. வீட்டுக்குள்ளே பரணில், அடுப்புப் புகைக்கு மேலே, கொத்துக் கொத்தாகப் பூண்டு தொங்கிக்கொண்டிருக்கும். அதில் எவ்வளவு சந்தைக்கு, எவ்வளவு மண்ணுக்கு, எவ்வளவு சட்டிக்கு என்று முடிவெடுக்க வேண்டிய மாதம் இது.

'பூண்டுதானே, இதில் என்ன பெரிய முடிவு?' என்று தோன்றலாம். கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும்.

மலையில் ஐப்பசி ஏன் இவ்வளவு முக்கியம்?

பழனி மலை மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கிழக்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கிளை. தென்மேற்குப் பருவமழையின் பெரும்பங்கை மேற்கே உள்ள மலைகள் வாங்கிக்கொள்கின்றன. இங்கே பெரிய மழை அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைதான். அது ஓயும் நேரத்தில், மார்கழி பிறப்பதற்குள், உறைபனி வந்துவிடும். கொடைக்கானல் நகரம் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பனிக்கால விடியலில் புல்வெளி வெள்ளை வெளேரென்று இருப்பதை ரீல்ஸில் பார்த்திருப்பீர்கள். பார்க்க அழகுதான். அந்த வெள்ளை பீன்ஸ் செடியின் மேல் விழுந்தால் செடி கருகும். உருளைக்கிழங்கு இலையில் விழுந்தால் அதுவும் போச்சு.

ஆக, கொட்டும் மழைக்கும் கருக்கும் பனிக்கும் நடுவே இருக்கும் சில வாரங்களுக்குள் வேலையை முடித்தாக வேண்டும். படிப்படியாக வெட்டிய நிலத்தில் தண்ணீர் தேங்காமல் வடிகாலைச் சுத்தம் செய்யணும். மேல் தட்டின் கரை இடிந்தால் கீழ்த் தட்டு மண்ணோடு போய்விடும் என்பதால் கல் அடுக்கிச் சரி பார்க்கணும். விறகு நனையும் முன் கூரைக்குள் ஏற்றணும். முற்றின பட்டர் பீன்ஸ் காயை நெற்றாகப் பறித்து, உள்ளே கட்டித் தொங்கவிட்டு, விதை எடுக்கணும். மட்கிய எருவைத் தோட்டத்துக்குச் சுமக்கணும். இதெல்லாம் வீட்டில் இருக்கும் இரண்டு மூன்று பேர், பாதி நேரம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மழை விட்டு விட்டுப் பெய்யும்போது செய்கிற வேலை.

இந்தக் குளிரை ஓரளவு தாங்கி நிற்கும் பயிர்களில் ஒன்று பூண்டு. சொல்லப் போனால் அதற்குக் குளிர் வேண்டும். முதலில் குளிரில் இலை விட்டு வளர வேண்டும். பிறகு பகல் நீண்டு வெயில் ஏறும்போதுதான் அடியில் பல் பிரிந்து பூண்டு திரளும். தமிழ்நாட்டின் சமவெளியில் அது சரியாக விளையாமல், கொடைக்கானலும் நீலகிரியும் மட்டும் பூண்டு ஊர்களாக இருப்பதற்கு இதுதான் காரணம். பழனி மலையில் வழக்கமாக இரண்டு போகம். ஒன்று மே வாக்கில் நடுவது. இன்னொன்று நவம்பரில், அதாவது ஐப்பசிக் கடைசி, கார்த்திகை ஆரம்பத்தில் நடுவது.

அரை ஏக்கர் கணக்கு

ஒரு குடும்பத்திடம் 50 சென்ட் நிலம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைப்படி ஒரு ஹெக்டேருக்கு 500 முதல் 600 கிலோ பூண்டுப் பல் விதையாக வேண்டும். 50 சென்டுக்கு அது 100 முதல் 120 கிலோ. தக்காளி மாதிரி ஒரு சிட்டிகை விதையில் தோட்டம் போட முடியாது. ஒரு ஆள் தூக்க முடியாத இரண்டு மூட்டை நல்ல பூண்டை, சாப்பிடக்கூடிய, இன்றே விற்கக்கூடிய பூண்டை, எடுத்து மண்ணில் புதைக்க வேண்டும்.

நல்ல விளைச்சல் என்றால் ஹெக்டேருக்கு 6 முதல் 8 டன். போட்டதைப் போலப் பத்து மடங்குக்குக் கொஞ்சம் மேலே. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் கணக்கு. நான்கு மாதம் மழை, பனி, அழுகல், காட்டுப்பன்றி எல்லாவற்றையும் தாண்டி வர வேண்டிய கணக்கு.

இப்போது விலையைக் கொண்டுவாருங்கள். 2024 பிப்ரவரியில் பூண்டின் சில்லறை விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். பூண்டு ரசம் வைப்பது ஆடம்பரம் என்று மீம்ஸ் ஓடிய சமயம். விவசாயி கைக்குச் சேருவது சில்லறை விலையை விடக் குறைவுதான். பாதிதான் கிடைக்கிறது என்று வைத்துக்கொண்டாலும், பரணில் தொங்கும் அந்த விதைப்பூண்டின் மதிப்பு 20,000 ரூபாய்க்கு மேல். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ், கூட்டுறவு வங்கிக் கடன், மழையில் ஒழுகும் கூரை எல்லாம் அதே வீட்டில்தான் இருக்கின்றன. அடிவாரத்தில் பெரியகுளம் பக்கம் வடுகபட்டிப் பூண்டுச் சந்தைக்கு வண்டி ஏற்றினால் கையில் காசு. ஏற்றாவிட்டால் மார்ச் வரை வெறும் நம்பிக்கை.

விலை ஏறும் வருஷத்தில்தான் இந்த இழுபறி அதிகம். எல்லோரும் விற்றுவிட்டால் நடவு நேரத்தில் விதைப்பூண்டுக்கு அலைய வேண்டும், அதுவும் உச்ச விலையில். விலை எப்போதும் உச்சத்திலேயே நிற்பதும் இல்லை. நாட்டிலேயே அதிகம் பூண்டு விளையும் மத்தியப் பிரதேசத்துப் புது வரத்து இறங்கினால் சந்தை சரிந்துவிடும். 400 ரூபாய் கொடுத்து விதை வாங்கி நட்டவர், அறுவடை நாளில் அதில் ஒரு பங்கு விலைக்கு விற்க வேண்டிய நிலையும் வரலாம். வீட்டு விதை வைத்திருந்தவருக்கு அந்த அடி பாதிதான்.

கடையில் வாங்கி நடலாமே?

நடலாம். முளைக்கவும் செய்யும். ஆனால் அது மலைப்பூண்டு ஆகாது.

பூண்டுக்கு நாம் பழகிய அர்த்தத்தில் விதை கிடையாது. இன்று பயிராகும் பூண்டு பூத்து, மகரந்தம் சேர்ந்து, விதை கட்டுவதில்லை. ஒரு பல்லை ஊன்றினால் அதே தாயின் அச்சு அசல் நகல் முளைக்கிறது. அதாவது பூம்பாறையில் ஒரு வீட்டுப் பரணில் தொங்கும் பூண்டு, அந்த வீட்டின் தாத்தாவோ பாட்டியோ நட்ட அதே செடியின் தொடர்ச்சியாக இருக்க முடியும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தாலும் அந்த வரிசை முடிந்தது. பாக்கெட் விதையாகக் குளிர்பதனப் பெட்டியில் போட்டு வைத்து, பத்து வருஷம் கழித்து எடுக்கிற வசதி அதற்கு இல்லை. ஒவ்வொரு வருஷமும் நட்டு, எடுத்து, காத்து, மறுபடி நட வேண்டும்.

இதற்கு ஒரு கெட்ட பக்கமும் உண்டு. நகல்தான் வருகிறது என்பதால் தாயில் இருக்கும் வைரஸ், பூசணம் எல்லாம் பிள்ளைக்கும் அப்படியே போகும். அதனால்தான் விதைக்கு எடுக்கும்போது கண் கூர்மையாக இருக்க வேண்டும். மஞ்சள் கோடு விழுந்த செடியின் பூண்டு விதைக்கு ஆகாது. அமுக்கினால் மெத்தென்று இருப்பது ஆகாது. பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் உட்கார்ந்து, பேசிக்கொண்டே, கைவிரலால் செய்கிற தரப் பரிசோதனை இது. இதற்கு யாரும் கூலி போட்டுக் கணக்கு எழுதுவதில்லை.

புகைக்கு என்ன வேலை?

மலைப்பூண்டை மூக்கருகே கொண்டுபோனால் காரத்தோடு லேசான புகை வாசம் அடிக்கும். அது அடுக்களையிலிருந்து வந்தது. தோண்டிய பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக முடிந்து, விறகடுப்புக்கு மேலேயோ தனிப் புகைக் கொட்டகையிலோ தொங்கவிடுவது மேல்மலையின் பழைய பழக்கம்.

காரணம் எளிமையானது. ஐப்பசிக் காற்றில் ஈரம் சொட்டுகிறது. வெயிலில் காய வைக்க வெயிலே இல்லை. சும்மா மூட்டையில் போட்டால் பூசணம் பிடிக்கும். புகையின் சூடு தாளையும் கழுத்தையும் மேல்தோலையும் உலர வைக்கிறது, உள்ளே இருக்கும் பல் சாறு குறையாமல் இருக்கிறது. புகையில் உள்ள சில பொருட்கள் பூசணத்தையும் தடுக்கும். அதோடு, பறித்த பூண்டு உடனே முளைக்காது, சில வாரங்கள் உறங்க வேண்டும். அந்த உறக்கக் காலம் முழுவதும் அழுகாமல் காப்பது புகையின் வேலை.

இங்கேதான் ஒரு சிக்கல். விறகடுப்பு எரிந்த வீட்டில் புகை இலவசம். சாதம் வெந்தது, பூண்டும் காய்ந்தது. வீடு கான்கிரீட் ஆகி, கேஸ் சிலிண்டர் வந்த பிறகு பூண்டுக்கென்றே தனிக் கொட்டகை, தனி விறகு, தனி ஆள் வேண்டும். இதற்காக விறகடுப்புக்குத் திரும்பிப் போங்கள் என்று சொல்வது அநியாயம். அந்தப் புகையில் இருமியவர்கள் சமைத்த பெண்கள்தான். கேஸ் வந்தது நல்லதுதான். ஆனால் பூண்டைக் காத்த ஒரு வசதி அதோடு போனதும் உண்மை.

2019-ல் கிடைத்த புவிசார் குறியீடு

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் இருக்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் இதற்கான முயற்சியில் முன்னின்றது. வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் நிறம், ஒரு பூண்டு சராசரியாக 20 முதல் 30 கிராம், கந்தகச் சேர்மங்கள் அதிகம் என்பதால் வரும் காரம் என்று அதன் அடையாளங்கள் பதிவாகியிருக்கின்றன.

சரி, இதனால் என்ன லாபம்? வேறு ஊர்ப் பூண்டை 'கொடைக்கானல் மலைப்பூண்டு' என்ற பெயரில் விற்பதைச் சட்டப்படி தடுக்க முடியும். தேவையான பாதுகாப்புதான், ஏனென்றால் தமிழ்நாட்டுக் கடைகளில் 'மலைப்பூண்டு' என்று கிடைப்பதில் இமாச்சலத்திலிருந்து வருவதும் நிறைய. அதுவும் மலையில் விளைந்ததுதான், பொய் இல்லை. ஆனால் வேறு மலை.

குறியீடு பெயரைக் காக்கும். பரணில் தொங்கும் அந்த 100 கிலோவைக் காக்காது. விலை உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில் ஒரு வீடு விதைப்பூண்டையும் சேர்த்து விற்றுவிட்டு, நவம்பரில் சந்தையில் கிடைத்ததை வாங்கி நட்டால், அடுத்த மார்ச்சில் அந்த நிலத்தில் விளைவது என்ன பூண்டு? கொடைக்கானல் மண்ணில் விளைந்தது, ஆனால் மலைப்பூண்டின் வழிவந்தது அல்ல. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் இடம் சான்றிதழில் இல்லை, அடுக்களையில்தான் இருக்கிறது.

உருளைக்கிழங்கு சொல்லும் எச்சரிக்கை

அப்படியென்றால் வருஷா வருஷம் பூண்டே போட்டுக்கொண்டிருக்கலாமே? முடியாது. மண்ணும் ஒத்துக்கொள்ளாது, வயிறும் ஒத்துக்கொள்ளாது. வீட்டுக்கு உருளை வேண்டும், பீன்ஸ் வேண்டும், கேரட் வேண்டும். எதற்குப் பின் எது என்ற வரிசையும் இந்த மாதத்தில்தான் முடிவாகிறது.

உருளைக்கிழங்கு இதில் நல்ல பாடம். 1961-ல் நீலகிரியில் ஒரு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. உருளையின் வேரைத் தாக்கி, குண்டூசித் தலை அளவு முட்டைக்கூடுகளை மண்ணில் விட்டுவிடும். பிறகு கொடைக்கானல் மலையிலும் அது தென்பட்டது. அந்தக் கூடுக்குள் முட்டைகள் பல வருஷம் உயிரோடு காத்திருக்கும், மறுபடி உருளை நட்டதும் விழித்துக்கொள்ளும். விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணே போதும், அடுத்த தோட்டத்துக்குப் பரவிவிடும். அதனால் ஒரே தட்டில் உருளைக்குப் பின் உருளை போடுவது தற்கொலை. நடுவே பூண்டு, பீன்ஸ், கேரட், முள்ளங்கி என்று மாற்றி மாற்றிப் போட்டால், புழுவுக்குச் சாப்பாடு கிடைக்காமல் எண்ணிக்கை குறையும். வெளியூர் விதைக்கிழங்கை வாங்கும்போது என்ன கூடவே வருகிறது என்பதை மலைக்காரர்கள் கசப்பாகக் கற்றுக்கொண்ட கதை இது. விதைப்பூண்டிலும் அவர்கள் தயங்குவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்தால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கீழ்மலையில் ஏற்கெனவே நடந்தது

வீட்டு விதை மொத்தமாகக் கைவிட்டுப் போனால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டியதில்லை. அதே பழனி மலையின் கீழ்ப்பகுதியில், தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம், அது ஏற்கெனவே நடந்திருக்கிறது.

அங்கே பூண்டு கிடையாது, காபித் தோட்டம். காபிக்கு நிழலாகவும் வீட்டுக்குப் பழமாகவும் இருந்தது விருப்பாச்சி மலைவாழை. பழனி பஞ்சாமிர்தத்துக்கு இந்த வாழைதான் உயிர். நீர்ச்சத்து குறைவு என்பதால் பஞ்சாமிர்தம் சீக்கிரம் கெடாது. வாழையும் பூண்டு மாதிரிதான். விதை இல்லை, பக்கக்கன்றைப் பெயர்த்து நட வேண்டும், தாயின் நகல் வரும்.

1970-களில் முடிக்கொத்து நோய் வந்தது. அசுவினிப் பூச்சி பரப்பும் வைரஸ் இது. இலைகள் உச்சியில் குஞ்சம் மாதிரி நெருங்கி நின்றுவிடும், மரம் குலை தள்ளாது. நல்ல கன்று என்று நம்பிப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து எடுத்து நட்டவர்கள் நோயையும் சேர்த்து நட்டார்கள். சுமார் 18,000 ஹெக்டேர் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியது. பிறகு ஆய்வுக்கூடத்தில் வைரஸ் இல்லாத திசுவிலிருந்து கன்றுகளை வளர்த்துக் கொடுத்துத்தான் அதை மெல்ல மெல்ல மீட்க வேண்டியிருந்தது. விருப்பாச்சி வாழைக்கும் புவிசார் குறியீடு இருக்கிறது. வாழை முக்கால்வாசிக்கு மேல் அழிந்து, பல வருஷம் கழித்து வந்த குறியீடு.

கார்த்திகையில் அந்தப் பக்கம் போனால் காபிப் பழம் சிவந்து, பறிப்பு தொடங்கியிருக்கும். முற்றத்தில் காய வைத்த பழத்தை மழை வரும்போதெல்லாம் வாரி எடுப்பதும் மறுபடி பரப்புவதுமாகப் பொழுது போகும். மேல்மலையோ கீழ்மலையோ, இந்த மாதத்து எதிரி ஈரம்தான்.

ஈரம் மட்டும்தானா?

இல்லை. இரவில் காட்டு மாடு வரும். கொடைக்கானல் நகரத்துத் தெருவிலேயே அது நிதானமாக நடந்து போகும் வீடியோக்கள் நிறைய. தோட்டத்தில் ஒரு இரவு புகுந்தால் கேரட்டும் முட்டைக்கோஸும் காலி. காட்டுப்பன்றி வந்தால் உருளைப் பாத்தியைக் கிளறிவிடும். பூண்டு வாசம் விலங்குகளுக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை என்றாலும், பாத்தியை மிதித்துத் துவைக்க வாசம் தடை இல்லை. மலையின் இயற்கையான புல்வெளிகளில் யூகலிப்டஸ், சீகை, பைன் என்று வெளிநாட்டு மரங்களை வளர்த்து, மாடு மேய்ந்த இடத்தைச் சுருக்கியவர்கள் மனிதர்கள்தான். 2013-ல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கி.மீ.க்கு மேல். அதன் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு வேலி என்பது நிரந்தரச் செலவு.

சில வருஷம் வானமே மோசமாக நடந்துகொள்ளும். 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையேறிய கஜா புயல், டெல்டாவைச் சூறையாடிய கையோடு கொடைக்கானல் மலையிலும் ஏறியது. மரங்கள் சாய்ந்தன, மண் சரிந்தது, சாலைகள் அடைபட்டன. சரியாக நடவு மாதத்தில். அப்படிப்பட்ட வருஷத்தில் பாதை திறக்கும் வரை மேலே இருப்பவர்களுக்குப் பரணும் தோட்டமும்தான் கடை.

நடவு நாள்

மழை இரண்டு நாள் விட்டதும் கொத்துகள் பரணிலிருந்து இறங்கும். பூண்டை உடைத்துப் பல் பல்லாகப் பிரிக்கிறார்கள். தோல் உரியக் கூடாது, உரிந்தால் அழுகும். அன்றைக்குப் பிரித்ததை அதிக நாள் வைக்கக் கூடாது. மேடாக்கிய பாத்தியில் 15 சென்டிமீட்டர் வரிசை இடைவெளி, பல்லுக்குப் பல் 10 சென்டிமீட்டர். வேர் வரும் தட்டைப் பக்கம் கீழே, கூர் மேலே. தலைகீழாக ஊன்றினாலும் முளைக்கும்தான், ஆனால் வளைந்து வந்து கழுத்து கோணும்.

பல்லைப் பிரிக்கும்போதே இரண்டு குவியல் சேர்ந்துவிடும். வெளிச் சுற்றிலிருந்து வரும் பருத்த, கெட்டியான பல் விதைக்கு. பெரிய பல் போட்டால்தான் பெரிய பூண்டு. உள்ளே நெருங்கி நசுங்கிக் கிடக்கும் ஒல்லிப் பல் தனியாக ஒரு முறத்தில்.

அந்த முறம் அடுக்களைக்குப் போகிறது. ரோட்டோரக் கடையில் நாம் பேரம் பேசி வாங்கும் அந்தப் பெரிய பல் பூண்டை, விளைவித்த வீடு பெரும்பாலும் சாப்பிடுவதில்லை. அன்றைக்கு ராத்திரி ரசத்தில் கிடப்பது முறத்துப் பல்.